வளையத்துக்குள் ஒரு கோடு

என் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு காலண்டர் அட்டை தொங்குகிறது. தேதித் தாள்கள் என்றோ கிழிபட்டுத் தீர்ந்துவிட்டன. அவற்றைப் பிடித்திருந்த தகரப் பட்டை மட்டும் அடியில் மிச்சம். சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வானம். அதன் நடுவே நெருக்கமாக இரண்டு வெளிச்சப் புள்ளிகள். அவற்றைச் சுற்றி, சற்றுத் தள்ளி, ஆரஞ்சு நிறத்தில் சாய்வான ஒரு வளையம். வளையத்தின் இடது கீழ்ப்புறம் மட்டும் தடித்து, மற்ற இடங்களைவிடப் பிரகாசமாக இருக்கும். வீடு மாறியபோது எதுவோ உரசி, வளையத்துக்கும் புள்ளிகளுக்கும் இடையே உள்ள இருட்டில் மெல்லிய வெள்ளைக் கீறல் ஒன்று விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களில் சிலர் இது எந்தச் சாமியின் சக்கரம் என்று கேட்பார்கள். சிலர் எந்தப் பட்டாசின் லேபிள் என்று கேட்பார்கள். சிவகாசிக்காரன் வீட்டுச் சுவரில் இருப்பதால் இரண்டுமே நியாயமான கேள்விகள்தான்.

அது மதினியின் படம். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. வானியல் ஆராய்ச்சியாளர். புதிதாகப் பிறந்த இரட்டை விண்மீன்களைச் சுற்றி இருக்கும் வாயு வளையங்கள்தான் அவருடைய வேலை. விருதுநகரில் நர்ஸாக இருந்த ஓர் அம்மாவின் ஒரே மகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம். எங்களுடையது சிவகாசியில் காலண்டரும் பட்டாசு லேபிளும் அடிக்கிற குடும்பம். வருஷம் முழுக்க முருகனும் லட்சுமியும் மெஷினிலிருந்து ஈரமாக இறங்கிவருகிற இடத்தில் வளர்ந்த அண்ணன், பெங்களூரில் வேலை பார்த்தபோது மதினியைத் திருமணம் செய்துகொண்டான். அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. பிறகு அவர்கள் வீட்டுக்கு வரப்போக ஆரம்பித்தும், மதினியோடு நேருக்கு நேர் பேசாமல் "அந்தப் புள்ள சாப்பிட்டாச்சான்னு கேளு" என்று அம்மா வழியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அந்தப் பேச்சை நேர்வழிக்குக் கொண்டுவந்தது எங்கள் வீட்டுக் கிரைண்டர். மதினி செய்கிற வேலை என்னவென்று அம்மா ஒருநாள் கேட்டார். மாவு அரைபட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கல் போட்ட கிரைண்டர். மதினி மூடியைத் திறந்து காட்டினார். "ரெண்டு கல்லும் ரெண்டு நட்சத்திரம் அத்தை. நடுவுல மாவு நிக்குதா பாருங்க. நிக்காது. ஓரத்துக்கு ஒதுங்கி வளையமா ஒட்டிக்கிடும். வானத்துலயும் அப்படித்தான். ரெட்டை நட்சத்திரம் ஒண்ணையொண்ணு சுத்துற சுத்துல பக்கத்துல இருக்கிற வாயுவெல்லாம் வெளியே தள்ளிப்போயி வளையமா நிக்கும்." உடனே, கிரைண்டரில் பாத்திரம்தான் சுற்றுகிறது, வானத்தில் சுற்றுவது விண்மீன்கள், அந்த அளவுக்கு இந்த உதாரணம் தப்பு என்பதையும் சொன்னார். அம்மா அந்தத் திருத்தத்தைப் பொருட்படுத்தவில்லை. ஓரத்து மாவை வழித்துக் கல்லுக்கடியில் தள்ளியபடியே, "அப்ப உள்ள தள்ளிவிட ஒரு கை வேணும்ல? இல்லாட்டி கல்லு பட்டினியால்ல கெடக்கும்?" என்றார்.

மதினி சிரித்துவிட்டார். "அந்தக் கையத்தான் அத்தை தேடிக்கிட்டு இருக்கேன்."

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, பேப்பரை இறக்காமலே, "கெடைச்சுச்சா?" என்றார். அதுதான் அவர் மதினியிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

கிடைத்தது போலத்தான் இருந்தது. வளையத்துக்கும் விண்மீன்களுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தைத் தாண்டி, வளையத்திலிருந்து வாயு மெல்லிய ஓடையாக உள்ளே இறங்கி விண்மீன்களுக்கு இரை போட வேண்டும் என்பது கணக்கு. வேறு சில இரட்டைகளில் அப்படிப்பட்ட ஓடைகள் தென்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். மதினி ஆராய்ந்த இரட்டையில் யாரும் பார்த்ததில்லை. சிலி நாட்டின் உயரமான பாலைவனத்தில் பல ஆன்டெனாக்களைப் பரப்பிவைத்து, அவை எல்லாம் வாங்கும் ரேடியோ அலைகளைச் சேர்த்து ஒரே படமாக்குகிறார்கள். அப்படி வந்த படத்தில், வளையத்தின் உட்புறத்திலிருந்து ஒரு விண்மீனை நோக்கி ஒரு கோடு ஓடியது. மதினியும் அவருடன் பணிசெய்தவர்களும் அதைக் கட்டுரையாக எழுதி அனுப்பியிருந்தார்கள். அதுவரை ஒப்பந்தம் முடிந்து ஒப்பந்தம் என்று ஓடிக்கொண்டிருந்த மதினிக்கு, அந்தக் கோட்டைக் காரணமாகச் சொல்லி ஒரு நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வந்தது. நான் அப்போது மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். ஞாயிறு இதழுக்காக, விருதுநகர்ப் பெண்ணின் கண்டுபிடிப்பு என்று ஒரு கட்டுரை எழுதிப் பக்கம் கட்டக் கொடுத்திருந்தேன்.

அப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாக அச்சடிப்பார். எங்கள் ஊரில் ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அதைப் புரட்டிப் பார்த்துத்தான் ஏஜென்டுகள் ஆர்டர் கொடுப்பார்கள். அந்தப் புத்தகத்தில் இடம்பிடிக்காத படம் அந்த வருஷம் எந்தச் சுவரிலும் ஏறாது. அந்த ஆல்பத்தில், முருகனுக்கும் குழந்தை கிருஷ்ணனுக்கும் நடுவே ஒரு பக்கத்தை அப்பா மதினியின் வளையத்துக்கு ஒதுக்கினார். படத்தின் கீழே மதினியின் பெயரும் ஊரும் வரும். அம்மா வழியாக அனுப்பாமல், தானே அண்ணனுக்குப் போன் போட்டு, மதினியிடம் கொடுக்கச் சொல்லி, "தாயி, ஒன் படத்தை அனுப்பு. நல்லா தெளிவா உள்ளதா அனுப்பு" என்றார்.

புரூஃப் பார்க்க மதினி, அண்ணன், நான் மூவரும் அச்சகத்துக்குப் போனோம். ஆடி வெயில். தீபாவளி சீசன் தொடங்கும் முன்பே லேபிள் லோடு ஏற்ற நாரணாபுரத்துப் பட்டாசு ஆலை வேன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே மேசைமேல் புரூஃப் விரித்திருந்தது. படம் பார்க்க மிகவும் அழகாக இருந்தது. வளையம் நேராக நிமிர்ந்து, எல்லாப் பக்கமும் ஒரே பிரகாசத்தில் ஜொலித்தது. விண்மீன்கள் இரண்டும் அதன் நட்டநடுவில் இருந்தன. கோடு இல்லை.

மதினி புரூஃப்மேல் குனிந்து, கோடு இருக்க வேண்டிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, அச்சகத்து டிசைனர் அண்ணனைப் பார்த்து, "அண்ணே, இதுல என்ன பண்ணுனீக?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் எங்கள் அச்சகத்தில் சாமி படங்களுக்கு மெருகேற்றியே பழகியவர். தலைக்குப் பின்னால் இருக்கும் ஒளிவட்டத்தை அவரைப் போல வழவழப்பாகப் போட அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

"ஒண்ணும் பண்ணலைம்மா. ஒளிவட்டம் ஒருச்சாஞ்சு கெடந்துச்சு, நிமித்தி வச்சேன். ஒரு பக்கம் வீங்கியிருந்துச்சு, சமன் பண்ணுனேன். சாமி ரெண்டும் ஓரமா இருந்துச்சு, நடுவுல ஒக்கார வச்சேன். ஒரு கீறல் கெடந்துச்சு, எடுத்துட்டேன்."

"அண்ணே, அது சாமி இல்ல."

"யாரா இருந்தா என்னம்மா, வட்டம் போட்டா சமமாத்தான போடணும். ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் கொறைஞ்சா வாங்குறவுக மொகம் சுளிப்பாக."

என் அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன். மதினி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அந்த வளையம் உண்மையிலேயே சாய்ந்திருக்கிறது, அந்த வீக்கம் உண்மையிலேயே அங்கே வாயு கூடுதலாகக் குவிந்திருக்கும் இடம், விண்மீன்கள் வளையத்தின் நடுவிலிருந்து விலகித்தான் இருக்கின்றன, அந்தக் கீறல்தான் தன் ஆராய்ச்சி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டிசைனர் அண்ணன் கவனமாகக் கேட்டுவிட்டு ஒரு சந்தேகம் எழுப்பினார். "இந்த ஆரஞ்சுக் கலரு அங்கன இருக்காம்மா?"

"இல்லண்ணே. அது நாங்க போட்ட கலரு. ரேடியோ அலைக்குக் கலரு கெடையாது."

"கலரை நீங்க போடலாம், கீறலை நான் எடுக்கக் கூடாதா?"

"கலரு நம்ம வசதிக்கு. பச்சைன்னாலும் போட்டுக்கங்க. எங்கன கூட, எங்கன கொறையங்கிறதுதான் அங்கன இருந்து வர்றது. அதுல யாரும் கை வைக்கக் கூடாது. நானும் வைக்கக் கூடாது."

வீக்கத்தையும் சாய்வையும் விண்மீன்களின் இடத்தையும் திருப்பிப் போட அப்பா உடனே சம்மதித்தார். கோட்டில் மட்டும் தயங்கினார். நாற்பது வயது தொடங்கி அவர் கையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்துகொண்டே இருக்கும். ஏஜென்ட் யாராவது அட்டையில் கோடு விழுந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பினால், அந்தக் கோடு பிளேட்டில் விழுந்ததா, காகிதத்தில் இருந்ததா, வண்டியில் உரசியதா என்று அதை வைத்துப் பார்த்த பிறகுதான் பதில் சொல்வார். "தாயி, இதைப் பாத்தா எவனும் கீறல்னுதான் சொல்லுவான். கட்டுக்கட்டாத் திருப்பி அனுப்புவான். கீறல் இல்லைன்னு நான் சொல்லணும்னா, கீறல் இல்லைன்னு நான் பாக்கணும். காட்டு."

"காட்டுறேன் மாமா" என்று மதினி மடிக்கணினியைத் திறந்தார்.

அவர் காட்ட நினைத்தது எளிய சோதனை. படம் பல ஆன்டெனாக்கள் சேர்ந்து வரைந்தது. ஏதாவது ஓர் ஆன்டெனாவை விட்டுவிட்டு மீதியை வைத்துப் படத்தை மறுபடி வரைய வேண்டும். பிறகு அதைச் சேர்த்துவிட்டு அடுத்ததை விட வேண்டும். வானத்தில் உண்மையாகவே இருக்கிற ஒன்று, எந்த ஆன்டெனாவை விட்டாலும் கொஞ்சம் மங்குமே தவிர மறையாது. "ஒரு சாட்சி வராட்டியும் கேஸு நிக்கணும்" என்று அப்பாவுக்கு விளக்கினார். அப்பாவுக்கு அது பிடித்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுருக்கிய தரவுதான் கையில் இருந்தது. இருந்தாலும் ஒவ்வொரு படமும் வரைந்து முடிய நேரம் பிடித்தது. டீ வந்தது. ஒன்றை விட்டார், கோடு இருந்தது. இன்னொன்றை விட்டார், கோடு இருந்தது. ஒவ்வொரு தடவையும் டிசைனர் அண்ணன், "இருக்கும்மா, இருக்கு" என்று கிரிக்கெட் பார்ப்பவர் போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு படத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வளையம் இருந்தது. வீக்கம் இருந்தது. விண்மீன்கள் இருந்தன. நடுவே சுத்தமான இருட்டு. மதினி அந்த ஆன்டெனாவைச் சேர்த்தார், கோடு வந்தது. எடுத்தார், போய்விட்டது. மறுபடி சேர்த்து மறுபடி எடுத்தார். கையில் எடுத்த டீயைக் குடிக்காமலே மேசையில் வைத்தார். அவர் முகத்தில் நான் பார்த்ததை இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அது அதிர்ச்சி அல்ல. வாசலில் நிற்கிற ஆள் யாரென்று அடையாளம் பிடிக்க முயல்கிறவரின் பார்வை என்று சொல்லலாம்.

அந்த அறையில் இருந்த எங்களில் யாருக்கும் ரேடியோ வானியல் தெரியாது. "இது சின்னத் தரவு, முழுத் தரவில் பார்க்க வேண்டும்" என்று சொல்லிக் கணினியை மூடியிருந்தால் நாங்கள் நம்பியிருப்போம். அது பொய்யும் அல்ல. அண்ணன் அதைத்தான் சொன்னான். "ஊருக்குப் போயி நிதானமா பாத்துக்கிடுவோம். இன்டர்வியூ முடியட்டும்."

"பாத்தாச்சே" என்றார் மதினி. அப்பாவைப் பார்த்துத் திரும்பினார். "மாமா, கோடு வேண்டாம். இது கீறல்தான் போல. அந்த ஒரு ஆன்டெனாவுல வந்த கோளாறு. முழுசா இன்னொருக்கா பாப்பேன். ஆனா, இப்ப இதை உண்மைன்னு அச்சடிக்கக் கூடாது."

அப்பா கொஞ்சநேரம் உருப்பெருக்கிக் கண்ணாடியை மேசைமேல் உருட்டிக்கொண்டிருந்தார். "ஒன் வேலை இதுலதான இருக்குன்னு பெரியவன் சொன்னான்?"

"ஆமா மாமா."

"படத்தை வேணா எடுத்துரவா?"

"எதுக்கு? வளையம் இருக்குல்ல. வளையம் நெசம்தான்." பிறகு டிசைனர் அண்ணனிடம், "அண்ணே, நீங்க எடுத்ததுல கோடு வானத்துல இல்லாதது. வீக்கம் அங்கன இருக்கிறது. ரெண்டையும் ஒரே கையாலதான் எடுத்தீக. அதனால கோட்டை எடுத்தது சரியாப்போச்சுன்னு நெனச்சுக்கிடாதீக" என்றார்.

"பாதி மார்க்காவது போடுங்கம்மா" என்றார் அவர். அப்போதுதான் மதினி சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்தது. அப்பா எழுந்து, அவர் பக்கம் பார்க்காமல், "டீ ஆறிப்போச்சு, வேற டீ சொல்லுலே" என்று என்னை வெளியே அனுப்பினார்.

இந்தச் சோதனையை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். கேள்வி கேட்பது என் தொழில். மதினி வேறு பல சோதனைகள் செய்திருந்தார். இதை உடன் பணிசெய்தவர் செய்துவிட்டார் என்று நினைத்திருந்தார்; அவரோ மதினி செய்ததாக நினைத்திருந்தார். "ரெண்டு பேரும் நல்லவுக. அதான் கோளாறே. ஒருத்தரை ஒருத்தர் நம்பிட்டோம்" என்றார். மறுநாள் முழுத் தரவையும் வைத்துப் பார்த்தார், பதில் மாறவில்லை. நான் ஞாயிறு இதழுக்குப் போன் போட்டு என் கட்டுரையை நிறுத்தினேன். பக்கம் கட்டுகிறவர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அதன் பிறகு மதினி செய்ததுதான் என் மனத்தில் நிலைத்தது. தவறு முதல் பக்கத்தில் வந்தாலும் திருத்தம் உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் வருவது எங்கள் வழக்கம். மதினிக்கு அது தெரியும். அடிக்கடி என்னைக் குத்திக்காட்டுவார். கோட்டைப் பற்றி யார் யாருக்கெல்லாம் சொன்னாரோ அவர்கள் எல்லோருக்கும், அதே தலைப்பில், 'இல்லை' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து எழுதினார். கட்டுரையைத் திரும்பப் பெற்றார். நேர்முகத் தேர்வுக் குழுவுக்கும், போவதற்கு முன்பே எழுதினார். அழைப்பை ரத்து செய்தாலும் தனக்குச் சம்மதம் என்று ஒரு வரி சேர்த்தார். அவர்கள் ரத்து செய்யவில்லை. போனார். கோட்டைக் காட்டினார், கோடு மறைவதையும் காட்டினார், மீதி நேரத்தில் அந்த வீக்கத்தைப் பற்றிப் பேசினார். குழு அவரை மனதாரப் பாராட்டியது. வேலையை வேறொருவருக்குக் கொடுத்தது.

ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் வந்தது. சாய்ந்த வளையம், இடது கீழ்ப்புறம் வீக்கம், நடுவே இருட்டு. எம். புதுப்பட்டியிலிருந்து வந்த ஏஜென்ட் ஒருவர், "அண்ணாச்சி, சங்குசக்கரத்தை மேல இருந்து போட்டோ பிடிச்சீகளோ?" என்று கேட்டார். அப்பா அவரை உட்காரவைத்து, கிரைண்டர், இரண்டு கல், மாவு என்று விளக்கினார். கடைசியில், "உள்ள தள்ளிவிடுற கை இன்னும் கெடைக்கல. எம் மருமக தேடிக்கிட்டு இருக்கு" என்றார். ஆர்டர் கொஞ்சம்தான் வந்தது. எம் மருமக என்று அவர் வெளியாளிடம் சொன்னதை அம்மா எங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார்.

அதற்குப் பின் மதினி இன்னும் பல வருஷம் ஒப்பந்தத்தில்தான் இருந்தார். ஒரு தடவை ஊருக்கு வந்தபோது, கணக்கு வாத்தியாராகப் போய்விடலாமா என்று அம்மாவிடம் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். போகவில்லை. அந்த வீக்கத்தைத் தொடர்ந்து பார்த்து, அது வளையத்தோடு சேர்ந்து மெல்லச் சுற்றுகிறது என்று எழுதினார். இந்தக் கட்டுரை நிலைத்து நின்றது. அதைப் பார்த்து வேறொரு நிலையம் வேலை கொடுத்தது. செய்தியாளனாக எத்தனையோ பெரிய மனிதர்களிடம் நான் பேட்டி எடுத்திருக்கிறேன். தனக்குப் பாதகமான ஒன்றைத் தானே தேடிக் கண்டுபிடித்து, கண்டுபிடித்த இடத்திலேயே, அந்தத் துறை தெரியாதவர்கள் முன்னால் வாய்விட்டுச் சொன்ன ஒருவரை அந்த அச்சகத்தில் மட்டுமே பார்த்தேன்.

அப்பாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. அச்சகத்தை அண்ணன் வந்து பார்த்துக்கொள்கிறான். மதினி ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "கோடு கெடைச்சுச்சா தாயி?" "இல்ல மாமா" என்பார் இவர். சென்ற மாதம் வந்தபோது அந்தப் பதில் மாறியது. "புதுப் படத்துல ஒண்ணு தெரியுது மாமா. வேற எடத்துல. இன்னும் ஒண்ணொண்ணா எடுத்துப் பாக்கணும்." நான் நிமிர்ந்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க காதைப் பொத்திக்கிடுங்க" என்றார்.

சிவகாசியிலிருந்து திரும்பும் வழியில் மதுரையில் என் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுவிட்டு எழுந்தவரின் கண் மேசைக்கு மேலே இருந்த அட்டைக்குப் போனது, அங்கேயே நின்றது. அருகில் போனார். வளையத்துக்கும் விண்மீன்களுக்கும் நடுவே இருந்த அந்த வெள்ளைக் கோட்டைக் கூர்ந்து பார்த்தார். வீடு மாறியபோது விழுந்த கீறல் என்று நான் சொன்னேன். அவர் தலையை அசைத்தாரே தவிர, விடவில்லை. அட்டையை ஆணியிலிருந்து கழற்றி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்தார். விரல் நகத்தால் மெல்ல வருடிப் பார்த்தார். நகம் அந்த இடத்தில் தட்டியது.

"கீறல்தான் தம்பி" என்று சொல்லி, அட்டையைத் திரும்ப மாட்டிவிட்டு, கை கழுவப் போனார்.